நாலாவது வரிசை

— ‘பதினாலாம் தேதி, சனிக்கிழமை. இன்று நான் செய்த தவறு: கண்ணாடிக் கதவுகளைச் சுவரில் சாய்த்து வைத்தபோது அடியில் ரப்பர் கட்டை வைக்க மறந்துவிட்டேன். சிறிது நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது. ஓடிப்போய் வைத்தேன்.’ இவ்வளவுதாங்க. ஆனா ‘ஓடிப்போய்’னு எழுதலாமா? கடைக்குள்ள ஓடக்கூடாதுன்னு விதி இருக்கே.

— அப்போ ‘நடந்துபோய்’னு போடு.

— ஓடினேனே.

— ஓடினதைத் தனியா இன்னொரு தவறா எழுது. ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா உங்க சார் சந்தோஷப்படுவாரு.

— விளையாடாதீங்க. நாளைக்குச் சாயங்காலம் சேஃப்டி வகுப்புல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு படிக்கணும். தினமும் ஒரு தவறு, அதுவும் நம்ம தவறு. அடுத்தவங்களோடதை எழுதினா சார் அடிச்சுடுவாரு.

— அடிப்பாரா?

— பேனாவால கோடு போட்டு அடிப்பாருங்க.

— சரி. நேத்து சனிக்கிழமை முழுக்க இவ்வளவுதானா?

— என்ன இவ்வளவுதானா?

— வேற ஒண்ணும் நடக்கலையான்னு கேட்டேன்.

— வேற என்ன நடக்கணும்?

— எனக்கென்ன தெரியும். நீதானே சேஃப்டி. நான் பெட்டி தூக்குறவன்.

— வேற ஒண்ணும் நடக்கலை. ஏன், நீங்க ஏதாவது பார்த்தீங்களா?

— நான் எதைப் பார்க்கப் போறேன். விடு. ரப்பர் கட்டை ரொம்பப் பெரிய தவறுதான். நல்லா எழுதியிருக்கே.

— இந்தக் குத்தல் பேச்சு எப்போதான் நிக்கும்னு தெரியலை. பேட்ஜ் கொடுத்ததுலேருந்து இப்படித்தான்.

— நான் என்ன குத்தினேன். மேனேஜர்தான் பின்னு வச்சு உன் தோள்ல குத்திவிட்டாரு. அதுக்கு நானும் கை தட்டினேன். கடையிலேயே சத்தமாத் தட்டினது யாரு? நான்.

— தட்டினீங்க. எல்லாரும் நிறுத்தினதுக்கு அப்புறமும் தட்டிக்கிட்டே இருந்தீங்க. பில் கவுண்டர்ப் பொண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தா.

— சந்தோஷத்துல தட்டினேன்.

— சந்தோஷத்துல தட்டினா அப்படித் தட்ட மாட்டாங்க.

— அன்னைக்கு மேனேஜர் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா? ‘இந்தக் கடையோட ஒவ்வொரு ரேக் தட்டும் தெரிஞ்ச ஒருத்தரைத்தான் பாதுகாப்புப் பொறுப்புல போடறோம்.’ ஒவ்வொரு தட்டும் யாருக்குத் தெரியும்? நீ இருந்த பில் கவுண்டர்ல தட்டு இருக்கா?

— ஸ்டாக் கணக்கு முழுக்க என் கை வழியாத்தானே போகுது. எந்தத் தட்டுல என்ன எடை ஏறியிருக்குன்னு நான் பார்க்காமலே சொல்லுவேன்.

— எடையை நீ படிச்சே. நான் தூக்கினேன்.

— இருங்க, இருங்க. நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோபப்படக் கூடாது.

— சொல்லு.

— அன்னைக்கு மேனேஜர் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க காலரைச் சரி பண்ணிக்கிட்டு ஒரு அடி முன்னாடி வந்தீங்க. என்னைக் கூப்பிட்டதும், கீழ கிடந்த பேப்பரைப் பொறுக்குற மாதிரி குனிஞ்சீங்க.

— பேப்பர் கிடந்துச்சு.

— ஒண்ணும் கிடக்கலைங்க.

— கிடந்துச்சு. அதுல யாராவது கால் வச்சு வழுக்கியிருந்தா? அதுவும் சேஃப்டிதான்.

— நான் பார்த்துட்டேன்னு தெரியக்கூடாதேன்னு அன்னைக்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். ராத்திரி சாப்பிடும்போதுகூட அதைப் பத்திப் பேசலை.

— இப்போ பேசிட்டே. ரொம்ப சந்தோஷம். தள்ளு, தண்ணி தீர்ந்துபோச்சு, கேனை மாத்தறேன்.

— வேண்டாம், நான் வாளியில ஊத்தி ஊத்தி மாத்திக்கிறேன்.

— ஒரு கேனுக்கு வாளியா? கடையில என்னை ‘கிரேன்’னு கூப்பிடுறானுங்க. வீட்டுல வாளியோட நிக்கச் சொல்றியா?

— அப்போ குனியாதீங்க. மண்டி போடுங்க. கேனை உடம்போட அணைச்சுக்கிட்டு, காலால எழுந்திரிங்க. முதுகால இல்ல.

— புருஷனுக்குத் தண்ணி கேன் தூக்கச் சொல்லிக் கொடுக்குற முதல் பொண்டாட்டி நீதான். உங்க சார் சமையல்கட்டையும் விட்டு வைக்கலையா? இந்தா பாரு, ஒரே தூக்கு… ஆ.

— என்னாச்சு?

— ஒண்ணுமில்லை.

— கேனை வைங்க. கீழ வைங்க. விழுந்தா விழட்டும், விட்டுடுங்க.

— வச்சுட்டேன். சத்தம் போடாதே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— நிமிர முடியுதா?

— கொஞ்ச நேரம் இப்படியே நிக்கறேன்.

— சுவத்தைப் பிடிச்சுக்கோங்க. வாங்க, மெதுவா. கட்டில்ல குப்புறப் படுங்க. தைலம் எங்க வச்சேன்… சட்டையைத் தூக்குங்க. ஐயோ.

— என்ன ஐயோ?

— இது இப்போ பிடிச்சது இல்ல. ஏற்கெனவே வீங்கிக் கிடக்கு. எப்போலேருந்து?

— சனிக்கிழமை.

— எதைத் தூக்கினீங்க?

— கிரானைட் சிங்க்.

— தனியாவா?

— சாயங்காலம் ஒரு கஸ்டமர் அவசரம்னாரு. கார் வெளிய நிக்குதுன்னாரு. மேல் தட்டுல இருந்துச்சு. ஏணியில ஏறி, தோள்ல போட்டு இறக்கினேன். அவரு பொண்டாட்டி வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தாங்க. ‘இந்தக் கடையில இப்படி ஒரு ஆளா’ன்னாங்க.

— அவங்க அப்படியே காரை எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க. தைலம் தேய்க்கிறது யாரு? முட்டிக்கு மேல, தோளுக்குக் கீழ இருக்குறதைத்தான் தனியா எடுக்கலாம். அதுக்கு மேல இருக்குற கனமான சாமானை ஏணியில நின்னு தனியா எடுக்கக் கூடாதுன்னு போன வாரம்தானே போர்டு எழுதி மாட்டினேன்.

— அழகா எழுதியிருக்கே. எழுத்து முத்து முத்தா இருக்கு.

— பெட்டி ஏத்தி இறக்குற லிஃப்ட் வண்டி எதுக்கு இருக்கு?

— வண்டியோட சாவி எங்க இருக்கு?

— என்கிட்ட.

— உன் கழுத்துல. நாடாவுல கோத்து, பேட்ஜுக்குப் பக்கத்துல. முன்னாடி அது ஆணியில தொங்கும், வேணும்ங்கிறவன் எடுத்துப்பான். இப்போ உன்கிட்ட வந்து ‘மேடம், கொஞ்சம் சாவி கொடுங்க’ன்னு நான் கையை நீட்டணும். பெயிண்ட் பிரிவுல நாலு பேரு வேடிக்கை பார்ப்பானுங்க. ‘என்ன கிரேன், வீட்டுலயும் இப்படித்தானா?’ன்னு கேட்டானே ஒருத்தன், உனக்குத் தெரியுமா?

— யாரு கேட்டது?

— யாரா இருந்தா என்ன. சிங்க்கைவிட அந்தக் கையை நீட்டறதுதான் எனக்குக் கனம். கொஞ்சம் கீழ தேய். அங்கதான்.

— நாளைக்கு லீவு போட்டுடுங்க.

— நாளைக்கா? நாளைக்குத் தலைமை ஆபீஸ்லேருந்து ஆள் வர்றாரு, கடையைச் சுத்திப் பார்க்க. நான் இல்லாம எப்படி.

— அவர் பார்க்க வர்றது என் வேலையை. உங்களுக்கென்ன அவ்வளவு ஆர்வம்?

— பொண்டாட்டிக்குப் பேர் கிடைக்கிறதைப் பார்க்க வேண்டாமா?

— உங்க முகத்தைத் தலையணையில புதைச்சுக்கிட்டுப் பேசறீங்க. குரல்ல எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு நினைக்காதீங்க. சரி, நான் சொல்லிடறேன். நாளைக்கு நான் சீக்கிரம் கிளம்பிடுவேன். ஆறரை பஸ். கஞ்சி வச்சுட்டுப் போறேன், சூடு பண்ணிக் குடிங்க.

— ஆறரைக்கா? கடை ஒன்பதரைக்குத்தானே.

— கொஞ்சம் வேலை இருக்கு.

— என்ன வேலை?

— சும்மா, ஒழுங்குபடுத்துற வேலை.

— யாரு யாரு வர்றாங்க?

— யாரும் இல்ல. நான் மட்டும்தான்.

— உங்க சார் வர்றாரா?

— அவர் எதுக்கு வரணும்?

— ஆபீஸ்காரர்கூட அவரும் வருவாருன்னு நீதான் சொன்னே. முன்கூட்டியே வந்து கடையைச் சுத்திக் காட்டச் சொல்லியிருப்பாரு. ஆறரை மணிக்கு. கடையில ஒரு ஈ காக்கா இருக்காது.

— உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு.

— பிடிச்சிருக்கட்டும். நான் எண்ணிக்கிட்டுத்தான் வர்றேன். காலையில காபி போடும்போது ‘சார் சொன்னாரு.’ துணி மடிக்கும்போது ‘சார் சொன்னாரு.’ அலமாரியில கனமான பாத்திரத்தையெல்லாம் கீழ மாத்தினே, ஏன்னு கேட்டா ‘சார் சொன்னாரு.’ நம்ம கல்யாணத்துலேருந்து நான் எவ்வளவோ சொல்லியிருக்கேன். ‘எங்க வீட்டுக்காரர் சொன்னாரு’ன்னு நீ அந்த வகுப்புல ஒரு தடவையாவது சொல்லியிருக்கியா?

— நீங்க அங்க சொல்ற மாதிரி என்ன சொன்னீங்க?

— பாரு. அதான் பாரு.

— சிரிப்பு வருதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. சாரை நீங்க பார்த்ததே இல்லையே.

— பார்த்தேன். ஒரு நாள் மழைன்னு குடை எடுத்துக்கிட்டு வந்தேன்ல. ஜன்னல் வழியாப் பார்த்தேன். நீ எழுதிக்கிட்டே இருந்தே. அந்த ஆள் பேசப் பேச, நீ ஒரு எழுத்து விடாம எழுதினே. நான் பேசினா நீ காய் நறுக்கிக்கிட்டே கேப்பே.

— அவர் கையைப் பார்த்தீங்களா?

— கையை எதுக்குப் பார்க்கணும்?

— வலது கையில மூணு விரல்தான் இருக்கு. கிடங்குல வேலை பார்த்தவரு. ரேக்குல ஒரு குறுக்குச் சட்டம் சரியா உக்காரலைன்னு தெரிஞ்சும், அப்புறம் பார்த்துக்கலாம்னு மேல பெட்டியை ஏத்தச் சொல்லியிருக்காரு. அவருக்கு ரெண்டு விரல் போச்சு. கூட நின்னவரைப் பத்தி அவர் சொல்றதே இல்ல. கேட்டா கரும்பலகையைத் துடைக்க ஆரம்பிச்சுடுவாரு. அதான் அவர் பேசினா நான் எழுதிக்கிறேன். வேற ஒண்ணுமில்லை.

— எனக்குத் தெரியாது.

— கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

— சரி, அவர் வரலை. அப்போ ஆறரைக்கு என்ன வேலை?

— சொன்னேனே, ஒழுங்குபடுத்துறது.

— நீ பொய் சொன்னா ஒரே வார்த்தையைத் திரும்பச் சொல்லுவே. கல்யாணமான புதுசுலேருந்தே அப்படித்தான். யாரையோ பார்க்கப் போறே, இல்ல எதையோ மறைக்கிறே.

— மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

— அப்போ சொல்லு.

— இந்தக் கேள்வியை விடவே மாட்டீங்களா… நாலாவது வரிசையில கொஞ்சம் டைல்ஸ் பெட்டியை இறக்கி வைக்கணும். போதுமா?

— எந்த வரிசை?

— நாலாவது.

— நாலாவதுல எந்தப் பக்கம்?

— கோடியில. மேல் தட்டு.

— தனியாவா?

— ஏணி போட்டு ஒவ்வொண்ணா இறக்கினா முடிஞ்சுடும். ஏன் எழுந்திரிக்கிறீங்க? படுங்க. தைலம் காயலை.

— போகாதே.

— ஏன்?

— போகாதேன்னா போகாதே. ஏணியைச் சாய்க்காதே அதுல. அடியில போய் நிக்கவே நிக்காதே.

— ஏன்னு கேக்கறேன்.

— அந்த ரேக்கோட கால் வளைஞ்சிருக்கு. முட்டி உயரத்துல உள்பக்கமா மடங்கியிருக்கு. கை வச்சுப் பார்த்தேன், விரல் உள்ள போகுது. ஏன் அப்படிப் பார்க்கிறே?

— எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— சனிக்கிழமை கடை சாத்துற நேரத்துல பார்த்தேன். நீங்க பார்த்ததையும் பார்த்தேன். அந்தக் காலுக்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருந்தீங்க. கை வச்சீங்க. அப்புறம் சுத்தியும் பார்த்துட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி எழுந்து போனீங்க.

— இடுப்பு பிடிச்சுக்கிச்சு. உக்கார இடம் தேடித்தான் அங்க போனேன். கண்ணு எதிர்ல அந்த வளைவு இருந்துச்சு.

— நீங்கதான் இடிச்சுட்டீங்கன்னு நினைச்சேன்.

— நானா?

— ஏதோ சாமானை இறக்கும்போது ஏணி மோதியிருக்கும், பயந்துபோய் மறைக்கிறாருன்னு நினைச்சேன். நாளைக்கு ஆபீஸ்காரர் பார்த்தா உங்க வேலைக்கே ஆபத்து. அதான் யாரும் வர்றதுக்கு முன்னாடி போய் மேல இருக்குற பெட்டியையெல்லாம் இறக்கிட்டு, பழைய கால் ஒண்ணு கிடங்குல இருக்கே, அதை மாத்திடலாம்னு இருந்தேன். உங்ககிட்டகூடச் சொல்ல வேண்டாம்னு நினைச்சேன். நேத்து ராத்திரிலேருந்து எனக்குச் சோறு இறங்கலை.

— நான் இடிக்கலை.

— அப்போ ஏன் சொல்லலை?

— விடு.

— நீங்க இடிக்கலைன்னா, பார்த்ததும் என்கிட்ட சொல்லியிருக்கலாமே. பத்து அடி தள்ளி நின்னுக்கிட்டிருந்தேன். பஸ்ல பக்கத்துல உக்காந்து வந்தேன்.

— தைலத்தை மூடு, வாசனை தலைக்கு ஏறுது.

— பேச்சை மாத்தாதீங்க.

— நீ இடிச்சிருப்பேன்னு நினைச்சேன்.

— சரி.

— லிஃப்ட் வண்டி அந்தக் கோடியிலதான் நின்னுச்சு. கால்ல மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்துச்சு, வண்டியோட பெயிண்ட். சாவி உன்கிட்ட. வேற யாரு?

— சரி, நான் இடிச்சேன்னே வச்சுக்கோங்க. அப்புறம்?

— நாளைக்கு ஆபீஸ்காரர் கண்ணுல படும். ‘இது என்ன’ன்னு உன்னைக் கேப்பாரு. நீ முழிப்பே. மேனேஜர் உன்னைப் பார்ப்பாரு, அப்புறம் என்னைப் பார்ப்பாரு. அவ்வளவுதான் நினைச்சேன். அதுக்கு மேல நினைக்கலை.

— அதான் நாளைக்கு லீவு போட மாட்டேன்னீங்க.

— ஆமா.

— அதைப் பார்த்ததும் உங்களுக்கு எப்படி இருந்துச்சு? நிஜத்தைச் சொல்லுங்க.

— …சந்தோஷமா இருந்துச்சு.

— எவ்வளவு நேரம்?

— பஸ் வர்ற வரைக்கும். அப்புறம் நீ பக்கத்துல உக்காந்து தோள்ல சாஞ்சு தூங்கிட்டே. அதுக்கப்புறம் அவ்வளவு சந்தோஷம் இல்ல. ஆனா இருந்துச்சு.

— தூங்கலை. கண்ணை மூடிக்கிட்டிருந்தேன். உங்களை எப்படிக் காப்பாத்துறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

— அப்படிச் சொல்லாதே.

— ஆபீஸ்காரர் வர்றது பதினொரு மணிக்கு. கடை திறக்குறது ஒன்பதரைக்கு. நடுவுல?

— ஒரு நாள் முழுக்க நின்ன ரேக், ஒன்றரை மணி நேரம் நிக்காதா?

— மேல் தட்டுல பதினெட்டுப் பெட்டி. ஒவ்வொண்ணும் முப்பது கிலோ. நீங்க தூக்கினவர்தானே, நான் படிச்சவதானே, கூட்டிப் பாருங்க. கீழ் தட்டுல என்ன வச்சிருக்கோம்?

— மாதிரி டைல்ஸ்.

— அதை எப்படிப் பார்ப்பாங்க?

— குனிஞ்சு பார்ப்பாங்க.

— உக்காந்து பார்ப்பாங்க. குழந்தையை மடியில வச்சுக்கிட்டு, சமையல்கட்டுக்கு இந்தப் பூ போட்டதா, அந்தக் கோடு போட்டதான்னு கையில வச்சு வச்சுப் பார்ப்பாங்க. நாமளே அப்படித்தான் பார்த்தோம், இந்த வீட்டுக்கு வந்தப்போ.

— போதும். நான் நினைக்கலைன்னு சொல்லிட்டேனே.

— நான் நினைச்சேன். நினைச்சுட்டுத்தான் சும்மா இருந்தேன். அது இன்னும் மோசம். இருங்க, அந்த ஃபோனை எடுங்க.

— மேனேஜருக்கா? லீவு நாள்ல அவர் எடுக்க மாட்டாரு.

— எடுக்கலைதான். மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. செய்தி அனுப்பி வைக்கிறேன்… அனுப்பிட்டேன். இப்போ வாட்ச்மேன். ஹலோ, அண்ணா, நான்தான், சேஃப்டி… ஆமா, பில் கவுண்டர்ல இருந்தேன்ல, நான்தான். கடைக்குள்ள சுத்தி வரும்போது நாலாவது வரிசைக்குள்ள போகாதீங்க. ரேக் கால் வளைஞ்சிருக்கு. நாளைக்குக் காலையில துடைக்கிற அம்மா வந்தாலும் விடாதீங்க. இப்போ அந்த வரிசைக்கு ரெண்டு பக்கமும் நாற்காலி இருந்தா குறுக்கப் போட்டு வைங்க. கிட்டப் போகாம, வாசல்லயே. ஆமா. இல்லண்ணா, விழலை. விழறதுக்கு முன்னாடிதான் சொல்றேன். சரிண்ணா, வச்சுடறேன்.

— என்ன சொன்னாரு?

— ‘நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா’ன்னாரு. ராத்திரி அந்த வரிசையிலதான் நாற்காலி போட்டுத் தூங்கினாராம். அங்க ஃபேன் காத்து வருதாம்.

— அட கடவுளே. அழாதே. இங்க பாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலையே.

— அழலை. யோசிக்கிறேன். மஞ்சள் பெயிண்ட்னு சொன்னீங்களே, நிச்சயமா வண்டியோடதுதானா?

— நிச்சயம். நீ இடிக்கலையா?

— நான் நாலாவது பக்கமே போகலை. சாயங்காலம் லாரி வந்துச்சு. இறக்க வந்தவங்க வண்டி வேணும்னு கேட்டாங்க. அப்போ நான் டீ குடிக்கக் கிளம்பிக்கிட்டிருந்தேன். சாவியைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போயிட்டேன்.

— லாரிக்காரனுக்கா?

— ஆமா.

— அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமான்னு கேட்டியா?

— கேக்கலை.

— லாரிக்காரனுக்குக் கழுத்துலேருந்து கழட்டிக் கொடுப்பே. எனக்கு…

— அவங்க கேட்டாங்க, கொடுத்தேன். நீங்க கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா உங்களுக்கு இடுப்பும் பிடிச்சிருக்காது, வண்டி உங்க கையில இருந்திருக்கும், லாரிக்காரங்க கைக்குப் போயிருக்காது. ஒரு தடவை கையை நீட்டியிருந்தா போதும்.

— இப்போ எல்லாம் என்னாலதான்னு முடிச்சுட்டே.

— இல்ல. இதுல பாதிதான் நீங்க. ஒண்ணு, பழகாத ஆளுக்குச் சாவி கொடுத்தேன். ரெண்டு, வளைவைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டிருந்தேன். மூணு, நாளைக்குத் தனியா ஏணி போட்டு, அந்த ரேக்குக்கு அடியிலேயே நிக்க இருந்தேன். இதெல்லாம் செஞ்சுட்டு ரப்பர் கட்டையை எழுதி வச்சிருக்கேன். இந்த பேட்ஜைக் குத்திக்கிட்டு மத்தவங்களுக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

— எல்லாருக்கும் தப்பு வரும்.

— எனக்கு முதல்லேருந்தே பயம்தாங்க. போர்டு எழுதும்போதும் பயம், யாரையாவது ‘அப்படித் தூக்காதீங்க’ன்னு சொல்லும்போதும் பயம். எனக்கென்ன தெரியும்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் கேட்டுக்கிட்டே இருக்கும். அந்தக் குரல் சொன்னது சரிதான்போல. நாளைக்கு மேனேஜர்கிட்ட பேட்ஜைக் கழட்டிக் கொடுத்துடறேன். சாவியையும்.

— அவசரப்படாதே.

— இல்ல, முடிவு பண்ணிட்டேன். நான் பில் கவுண்டருக்கே போயிடறேன். அங்க என் தப்பு காகிதத்துல மட்டும்தான் விழும்.

— நீ அதை நிஜமாத்தான் சொல்றியா?

— நிஜமாத்தான்.

— நான் கெட்டவன்னு நினைச்சுக்காதே. பேட்ஜ் எனக்கு வேணும்ங்கிற ஆசையில நான் வாயை மூடிக்கிட்டிருக்கலை. ஏதோ ஒரு வயித்தெரிச்சல். இனிமே அப்படி இல்ல.

— தெரியும்ங்க. படுங்க, இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கறேன். வெந்நீர் வைக்கிறேன்.

— ம்.

— இந்தத் துண்டு போதுமா, தடிமனா வேணுமா?

— போதும். ஏய்.

— என்னங்க?

— நீ கழட்டிக் கொடுத்துட்டா… அப்புறம் அதை யாருக்குக் கொடுப்பாங்க? சும்மா கேட்டேன். ஏன் துண்டைக் கீழ வச்சுட்டே? தண்ணி கொதிக்குது பாரு.

— அணைச்சுட்டேன்.

— சும்மாதான் கேட்டேன்னு சொல்றேன்ல.

— கேட்டது நல்லதாப் போச்சுங்க, அந்த ஆசை இன்னும் உங்களை விடலைன்னு தெரிஞ்சுது. யாருக்கும் கொடுக்க மாட்டாங்க, நான் அதைக் கழட்டப் போறதில்லை. காலையில ஆறரை பஸ்ல ரெண்டு பேரும் போறோம். முதல்ல நாலாவது வரிசையை ரெண்டு பக்கமும் கயிறு கட்டி அடைக்கணும். மேனேஜர் வந்ததும் நான் சாவி கொடுத்ததையும், பார்த்துட்டு மறைச்சதையும் நான் சொல்லுவேன். நீங்க பார்த்துட்டு மறைச்சதையும், ஏன் மறைச்சீங்கங்கிறதையும் நீங்களே உங்க வாயால சொல்லணும். அதுக்கப்புறம் வண்டியைக் கொண்டுவந்து மேல் தட்டுலேருந்து ஒவ்வொரு பெட்டியா இறக்கணும். யார் வண்டியைத் தொடணும், யார் கயித்துக்கு வெளியில நின்னு ஆளுங்களைத் தடுக்கணும்னு அங்க வச்சு நான் சொல்றேன்.